கோபுரம் நிற்கிறது, குடிகள் எங்கே?

பதுவைப் பதியராம் புனித அந்தோணியாரின் கல்லறையைத் தரிசிக்கச் செல்லும் நம் திருப்பயணிகள், அருகிலுள்ள வெனிஸ் நகரையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் மிச்சமிருப்பின் படகேறி, நகருக்கு வடகிழக்கே காயலின் நடுவிலுள்ள சிறு தீவுகளுக்கும் சென்று வருகின்றனர். ஊர் திரும்பியபின் அவர்கள் காட்டும் புகைப்படங்களில் தவறாமல் இரண்டு இடம்பெறும். ஒன்று, புராணோ தீவின் வண்ண வண்ண வீடுகள். மற்றொன்று, டொர்செல்லோ தீவின் புல்வெளியில் கிடக்கும் ஒரு பழங்கல் நாற்காலி. 'அட்டிலாவின் அரியணை' என்று அதற்குப் பெயர். ஊணர் தலைவன் அட்டிலா 453-இல் மாண்டவன். அவன் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. ஆயினும் அந்த நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை.

படங்களைக் காட்டும்போது அவர்கள் சொல்லும் சொற்களும் ஏறத்தாழ ஒன்றே. "எவ்வளவு அழகாகப் பாதுகாத்திருக்கிறார்கள்! தீவு என்றால் இப்படி வளரவேண்டும்" என்பர். இந்தப் பாராட்டைத்தான் நாம் மறுக்க எண்ணுகிறோம். பயணம் செய்தவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பாதுகாப்பதும் வளர்வதும் ஒன்றே என்னும் எண்ணம் நம்மவரிடையே கேள்வியின்றி வேரூன்றி வருகிறது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அவ்விரு தீவுகளின் வரலாறே காட்டும். காட்சிகளோடு திரும்பியவர்கள் அந்த வரலாற்றையும் கேட்டுத் திரும்பியிருப்பின் நாம் எழுதவேண்டிய தேவையே நேர்ந்திராது.

ஆயரோடு வந்த மக்கள்

வெனிஸ் காயல் ஏறத்தாழ 550 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. மூன்று முகத்துவாரங்கள் வழியே அது அதிரியக் கடலோடு கலக்கிறது. அதன் வடபகுதியில், ஆற்றுநீரும் உப்புநீரும் சந்திக்கும் சேற்றுத் திட்டுகளுள் ஒன்றே டொர்செல்லோ. அதற்கு எதிரேயுள்ள பெருநிலத்தில் அல்தீனோ என்னும் உரோமை நகர் இருந்தது. புனித எரோணிமுஸின் நண்பரும், அவருடைய புகழ்பெற்ற மடல்களைப் பெற்றவருமான புனித எலியோதோர் அந்நகரின் ஆயராக விளங்கியவர். பேரரசு தளர்ந்து, படையெடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, அல்தீனோவின் மக்கள் காயலுக்குள் இடம்பெயர்ந்தனர். அவர்களோடு அவர்களுடைய ஆயரும் வந்தார். புனித எலியோதோரின் திருப்பண்டங்களும் தீவுக்கு வந்து சேர்ந்தன.

டொர்செல்லோவின் மரியன்னைப் பேராலயம் 639-இல் நிறுவப்பட்டது என்பதற்குக் கல்வெட்டே சான்று. எராக்ளியுப் பேரரசரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பின்னர் 864-இல் ஒருமுறையும், 1008-இல் ஆயர் ஓர்சோ ஓர்செயோலோவின் காலத்தில் மறுமுறையும் ஆலயம் திருத்திக் கட்டப்பட்டது. பீடத்தின் பின்னே, பொன்னிறப் பின்னணியில் குழந்தை இயேசுவை ஏந்தித் தனியளாய் நிற்கும் அன்னை. எதிரே மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் கண்ணாடிச் சில்லுகளால் ஆக்கப்பட்ட இந்த மொசைக் ஓவியங்களுக்கு ஈடானவை அந்தப் பகுதியிலேயே அரியன.

எனினும் டொர்செல்லோ ஓர் ஆலயத்தீவு மட்டுமன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். 1961, 1962 ஆண்டுகளில் போலந்து நாட்டு அகழாய்வாளர்கள் அங்கே தோண்டியபோது, பண்டைய கண்ணாடி உலை ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. அகதிகள் வருவதற்கு முன்னரே, உரோமையர் காலத்திலேயே, அங்கு மனிதர் புழங்கினர் என்பதற்கும் தடயங்கள் கிடைத்துள்ளன. 10-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கொன்ஸ்தந்தீன் தம் நூலில் டொர்செல்லோவைப் பெரும் வணிகத்துறை என்று குறிப்பிடுகிறார். அந்நாளில் வெனிஸ் இன்னும் இளைய ஊர். கண்ணாடி உருக்கினவன், உப்பு விளைத்தவன், படகு கட்டினவன், வலை வீசினவன் ஆகியோர் இட்ட காணிக்கையினின்றே அந்தப் பொன் சில்லுகள் சுவரேறின. தொழில் முன்னே நின்றது; கோபுரம் அதனைத் தொடர்ந்து எழுந்தது.

குற்றவாளி சேறா?

இனி வீழ்ச்சியைக் காண்போம். "ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டின, காயல் தூர்ந்தது, கொசு பெருகியது, மலேரியா பரவியது, மக்கள் வெளியேறினர்" என்று வழிகாட்டிகள் நான்கு வாக்கியங்களில் கதையை முடித்துவிடுவர். கேட்பவர்களும், 'இயற்கையை யார் வெல்ல முடியும்?' என்று பெருமூச்செறிந்து படகுக்குத் திரும்புவர். இந்தக் கதையில் பொய் இல்லை. சீலே, தேசே ஆறுகள் கொணர்ந்த வண்டல் மெய், காய்ச்சலும் மெய். ஆயின் உண்மையின் பாதியைச் சொல்லி மறுபாதியை மறைப்பதும் ஒருவகைப் பொய்தானே?

மறைக்கப்படும் பாதி இது. 810-ஐ ஒட்டிக் காயலின் ஆட்சிபீடம் ரியால்தோவுக்கு, அதாவது இன்றைய வெனிஸ் நகரின் நடுவிடத்துக்கு மாறியது. 828-இல் புனித மாற்குவின் திருப்பண்டங்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டன. ஆட்சி அங்கே, புகழ் அங்கே. நாளடைவில் கப்பலும் வணிகமும் அங்கே சென்றன. டொர்செல்லோவின் செல்வக் குடும்பங்கள் தம் முதலையும் எடுத்துக்கொண்டு நகருக்குப் பெயர்ந்தன. ஆள் குறைந்த ஊரில் வாய்க்கால்களைத் தூர்வாருவோர் எவர்? தூர்வாராத வாய்க்காலில் நீர் தேங்கியது. தேங்கிய நீரில் நோய் பிறந்தது. நோய் மேலும் சிலரைத் துரத்தியது. சேறு வந்ததால் மக்கள் போயினர் என்பது எவ்வளவு உண்மையோ, மக்கள் போனதால் சேறு வென்றது என்பதும் அவ்வளவு உண்மை.

இதற்கு மறுப்புச் சொல்ல விரும்புவோருக்கு ஒரு கேள்வி. வெனிஸ் நகருக்கும் இதே ஆபத்து நேர்ந்ததல்லவா? பிரெந்தா, பியாவே, சீலே ஆறுகளின் வண்டல் தன் துறைமுகத்தைத் தூர்த்துவிடும் என்று அஞ்சிய வெனிஸ் குடியரசு என்ன செய்தது? விதி என்று வாளாவிருக்கவில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஆறுகளையே திருப்பிவிட்டது. புதுக்கால்வாய்கள் வெட்டிக் காயலைச் சுற்றி ஆற்றுநீரைக் கடலுக்குக் கொண்டுசென்றது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு உழைத்த அந்நாளில் அது மாபெரும் சாதனை. ஆகவே ஆற்றைத் தடுக்க இயலாது என்பதில்லை. எந்த ஊருக்காகத் தடுப்பது, எப்போது தடுப்பது என்பதே அன்றைய கேள்வி. தலைநகருக்காக ஆறுகள் திசைமாறியபோது, டொர்செல்லோவில் காப்பாற்றுவதற்கென்று அதிகம் பேர் எஞ்சியிருக்கவில்லை.

அதற்குள் அத்தீவு வேறொரு பயனுக்கு வந்திருந்தது. கைவிடப்பட்ட வீடுகளும் மடங்களும் இடிக்கப்பட்டு, அவற்றின் கற்கள் படகேறி வெனிஸ் நகருக்குச் சென்றன. ஓர் ஊர் மற்றோர் ஊருக்குக் கற்சுரங்கமானது. ஆயரும் 17-ஆம் நூற்றாண்டில் முரானோ தீவுக்குக் குடிபெயர்ந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற டொர்செல்லோ மறைமாவட்டம் 1818-இல் கலைக்கப்பட்டு, வெனிஸ் மறைமுதுவரின் ஆட்சிக்குள் சேர்க்கப்பட்டது. அந்த வெனிஸ் பீடத்திலிருந்துதான் 20-ஆம் நூற்றாண்டில் பத்தாம் பயஸ், இருபத்துமூன்றாம் யோவான், முதலாம் யோவான் பவுல் ஆகிய மூன்று திருத்தந்தையர் வந்தனர். டொர்செல்லோவின் பேராலயத்திலோ, பீடத்தின் பின்னேயுள்ள செங்கற்படிகளின் உச்சியில் ஆயரின் இருக்கை வெறுமையாய் இருக்கிறது. தீவில் நிலையாகக் குடியிருப்போர் இன்று பத்துப் பன்னிரண்டு பேரே.

நோயும் சேறும் மட்டுமே தீர்ப்பளித்திருப்பின் பக்கத்துத் தீவுகள் அனைத்தும் அழிந்திருக்கவேண்டும். புராணோவுக்கு அருகில் புனித பிரான்சிஸ்குவின் பெயர் தாங்கிய ஒரு குறுந்தீவு உண்டு. 1220-இல் எகிப்திலிருந்து திரும்பிய அசிசியார் அங்கே தங்கினார் என்பது மரபு. 15-ஆம் நூற்றாண்டில் நோய்க்கு அஞ்சித் துறவியர் அதனை விட்டு வெளியேறினர். 'பாலையின் பிரான்சிஸ்கு' என்னும் பெயர் அந்த வெறுமையால் அமைந்தது என்பர். ஆயினும் அதே நூற்றாண்டிலேயே அவர்கள் திரும்பி வந்தனர். நெப்போலியன் காலத்தில் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் வந்தனர். இன்றும் அங்கே செபமணி ஒலிக்கிறது. திரும்பிவர ஆளும், திரும்பிவந்து செய்ய வேலையும் இருந்தால் கைவிட்ட தீவும் உயிர்பெறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஊசி காத்த ஊர்

இப்போது புராணோவுக்கு வருவோம். டொர்செல்லோவிலிருந்து படகில் சில நிமிடத் தொலைவு. டொர்செல்லோ மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்த பங்கு. ஆற்றின் வாயினின்று சற்று விலகி, கடற்காற்று படும் இடத்தில் இருந்தது அதற்கு ஓரளவு துணைநின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் காற்றை மட்டும் உண்டு எவரும் வாழ்வதில்லை. புராணோ மீனவரின் தீவு. அந்த ஊரார் வேறெங்கும் போகாமல் நின்றதற்குக் காயலே காரணம். வலையில் மீன், சேற்றில் நண்டு. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஓடு கழற்றும் நண்டை, அது மென்மையாய் இருக்கும் சில மணிநேரத்துக்குள் கண்டறிந்து பிரித்தெடுக்கும் கைத்திறன் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது.

ஆடவர் கடலுக்குச் சென்றபோது பெண்டிரின் கையில் ஊசி இருந்தது. துணியின் துணையின்றி, வெறும் நூலை ஊசியால் கோத்துப் பூவும் கொடியும் ஆக்கும் லேஸ் கலை 16-ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நாட்டில் தழைத்தது. 'காற்றில் தையல்' என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய அரசர்களின் கழுத்துப்பட்டிகளை அது அலங்கரித்தது. பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் 1665-இல் தம் நாட்டில் லேஸ் தொழிற்கூடங்களை நிறுவியபோது, வெனிஸ் நாட்டுப் பெண்களை ஆசைகாட்டி அழைத்துச்செல்ல வேண்டியதாயிற்று. பின்னர்க் குடியரசு 1797-இல் வீழ்ந்தது, பிரபுக்கள் போயினர், ஊசி ஓய்ந்தது.

1872-இன் கடுங்குளிரில் காயல் உறைந்தது. படகு இறங்க வழியில்லை; புராணோவின் மீனவக் குடும்பங்கள் பட்டினியில் வாடின. உதவிநிதி திரட்டப்பட்டது, ஆனால் நிதி எத்தனை நாள் தாங்கும்? அப்போது அந்திரியானா மார்ச்செல்லோ சீமாட்டியும் பாவுலோ பம்பிரி என்னும் பாராளுமன்ற உறுப்பினரும் லேஸ் பள்ளியொன்றைத் தொடங்க முன்வந்தனர். பழைய தையலின் நுணுக்கம் அறிந்தவர் ஊரில் ஒரே ஒருவர் எஞ்சியிருந்தார்: சென்சா ஸ்கார்ப்பரியோலா என்னும் எழுபது வயது மூதாட்டி. அவருக்குச் செய்யத் தெரியுமே தவிரச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. ஆகவே பள்ளி ஆசிரியை அன்னா பெல்லோரியோ, கிழவியின் விரல்களை உற்றுநோக்கித் தாம் முதலில் கற்றார். பின்னர்ச் சிறுமிகளுக்குக் கற்பித்தார். அந்தப் பள்ளியில் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை பெற்றனர். ஒரு கலை இறப்பதற்கும் பிழைப்பதற்கும் இடையே ஒரு மூதாட்டியின் பத்து விரல்களே நின்றன.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டிற்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டரின் சகோதரிகள், ஆதரவற்ற சிறுமியரின் கையில் கொடுத்தவற்றுள் ஊசியும் நூலும் உண்டு. அதற்கும் பல்லாண்டு முன்னரே நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் சீர்திருத்தச் சபையினரின் லேஸ் பள்ளிகள் இருந்தன. ஒரு பெண் தன் உழைப்பால் ஈட்டிய முதற்காசு அவளுடைய வீட்டில் எத்தகைய மாற்றத்தை விளைத்தது என்பதைக் குமரி மாவட்டத்துப் பாட்டிமார் அறிவர்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். புராணோவின் லேஸ் வரலாற்றைத் தேனில் தோய்த்துச் சொல்வதும் தவறு. ஒரு வேலைப்பாடு ஏழு வகைத் தையல்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெண்ணிடம் சென்றது. சிறுமியராய் நுழைந்தவர்கள் கண்ணொளி மங்கும்வரை அந்த ஒரே தையலைப் போட்டனர். கூலி மிகக் குறைவு, அணிந்தவர் அரசியர். இருபதாம் நூற்றாண்டுப் பெண்கள் அந்த வேலையை விட்டு விலகியதற்கு அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. 1970-ஐ ஒட்டிப் பள்ளி மூடப்பட்டது. 1981-இல் அதே கட்டடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். வேலை செய்த இடம், வேலையைப் பார்க்கும் இடமாயிற்று. 'வளர்ச்சி' என்று நாம் வியப்பதன் உள்ளடக்கம் இதுதான்.

காசு வருகிறதே என்பார்க்கு

"அருங்காட்சியகமும் சுற்றுலாவும் பணம் கொணர்கின்றனவே, அது வளர்ச்சியில்லையா?" என்று கேட்பர். இது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. புராணோவில் கடை வைத்திருப்பவர், உணவகம் நடத்துபவர், படகோட்டுபவர் எல்லாரும் மனிதரே, அவர்களும் பிழைக்கவேண்டும். பயணிகளின் வருகையை முற்றிலும் நிறுத்தவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பணத்தால் ஊரில் குடிகள் நிலைக்கின்றனரா என்று மட்டும் கேட்கிறோம்.

விடையை எண்களே தருகின்றன. 1951-இல் வெனிஸ் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிற்று. இந்த எழுபது ஆண்டுகளில்தான் உலகெங்கணுமிருந்து பயணிகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குவிந்தனர். 1987-இல் வெனிசும் அதன் காயலும் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. புகழ் ஏறிற்று, பணம் ஏறிற்று, வீட்டு விலை ஏறிற்று, குடிகள் இறங்கினர். புராணோவிலும் இன்று இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே வாழ்கின்றனர். அந்தத் தொகையும் தேய்ந்துகொண்டே போகிறது. மீனவரின் வீடு பயணியரின் விடுதியாகும்போது, வாடகை மீனவனின் மகனுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அவன் பெருநிலத்தில் வேலை தேடி, அங்கேயே வீடும் தேடிக்கொள்கிறான். கடைகளில் 'புராணோ லேஸ்' என்ற பெயரில் தொங்குவனவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்த இயந்திரச் சரக்கே என்பதை அறிந்தவர் அறிவர். ஊரின் பெயர் விற்கிறது. ஊரின் கைக்கு வேலையில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1966 நவம்பர் 4 அன்று வெனிசில் கடல்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர். இத்தகைய பெருக்கைத் தடுப்பதற்காக மூன்று முகத்துவாரங்களிலும் 78 எஃகுக் கதவுகள் அமைக்கப்பட்டுள்ளன. செங்கடல் நீரைப் பிரித்த இறைவாக்கினரை நினைவூட்டும் 'மோசே' என்னும் பெயர் அத்திட்டத்துக்கு. 500 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. 2014-இல் அதன் பெயரால் நடந்த ஊழலில் வெனிஸ் நகரத் தலைவர் உள்ளிட்ட பலர் கைதாயினர். எனினும் 2020 அக்டோபர் 3 அன்று கதவுகள் முதன்முறையாகப் பெருக்கை எதிர்த்து எழுந்தபோது, நகரம் நனையாமல் நின்றது. நல்ல செய்தியே, புராணோவும் அதனால் காக்கப்படுகிறது. ஆயினும் கதவு நீரை மட்டுமே தடுக்கும். உள்ளிருந்து வெளியேறும் மனிதரை எந்தக் கதவு தடுக்கும்?

2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் வெனிஸ் நகருக்குள் வரும் ஒருநாள் பயணியரிடம் 5 யூரோ நுழைவுக்கட்டணம் வாங்கத் தொடங்கினர். ஓர் ஊருக்குள் நுழையக் கட்டணம் என்றால், அந்த ஊர் தன்னையே கண்காட்சி என்று ஒப்புக்கொண்டதாகாதா? புராணோவுக்கும் டொர்செல்லோவுக்கும் அக்கட்டணம் இல்லை; ஆகவே கூட்டம் அங்கே திரும்பினால் வியப்பதற்கில்லை.

இதற்கிடையே காயலில் நடப்பதைப் படம் எடுப்பவர் எவருமில்லை. அத்திலாந்திக் கரையிலிருந்து வந்தேறிய நீலநண்டு 2023-இல் அந்த வட அதிரியக் கரையெங்கும் பெருகி, மட்டி வளர்ப்போரின் பிழைப்பைத் தின்றுதீர்த்தது. இத்தாலிய அரசு நிவாரணநிதி ஒதுக்க வேண்டியதாயிற்று. மீனவன் இல்லாத மீனவத்தீவு எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர் நெடுந்தொலைவு செல்லவேண்டாம். எதிரே டொர்செல்லோ இருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. மரப்பாலத்தால் புராணோவோடு இணைந்துள்ள மத்சோர்போ தீவில், 1980-களில் கட்டடக் கலைஞர் ஜங்கார்லோ தெ கார்லோ பொதுக்குடியிருப்பு ஒன்றை எழுப்பினார். புராணோவின் வீடுகளைப் போலவே வண்ணம் பூசிய வீடுகள். சாதாரண மக்கள் வாடகைக்குக் குடியிருக்கத்தக்கவை. பேராலயத்தைக் காணச் செல்லும் படகில் இருப்போர் அவற்றைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்மைக் கேட்டால், அந்தக் காயலில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்தவற்றுள் 'வளர்ச்சி' என்ற பெயருக்கு முழுத்தகுதி உடையது அந்த வீட்டு வரிசையே.

நமக்கு என்ன?

எங்கோ உள்ள தீவுக்காக நாம் ஏன் இவ்வளவு சொல்லவேண்டும்? அந்தத் தீவுகளை நாம் பார்க்கும் கண்களாலேயே நம் ஊர்களையும் பார்க்கிறோம் என்பதால்தான்.

நம் பங்குகளின் நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். முதலாலயம் கட்டிய ஆண்டு, கோபுரம் உயர்ந்த ஆண்டு, மணி வந்த ஆண்டு, பளிங்குத்தரை பதித்த ஆண்டு என்று பட்டியல் நீளும். கொடையாளர் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னும். அதே நூறாண்டில் எத்தனை குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின, எதனால் போயின, ஊரில் என்ன தொழில் நின்றது என்று எந்த மலராவது கேட்டதுண்டா? பழவேற்காட்டுக் காயலில், எந்த நாள் எவர் எந்த இடத்தில் வலை இடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஒழுங்கு இருக்கிறது. அது நம் கரையின் வரலாறு. ஆலயக் கல்வெட்டுக்குச் சற்றும் குறையாத சொத்து. அதனை எழுதிவைத்த விழா மலரை நாம் கண்டதில்லை.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில், முன்னேற்றம் பொருள்வளத்தோடு முடிந்துவிடுவதன்று. அது ஒவ்வொரு மனிதரையும், முழுமனிதரையும் தழுவவேண்டும் என்று கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல், பண்பாடு என்பது பழஞ்சின்னங்களில் உறைந்திருப்பதன்று, வாழும் மக்களிடம் இருப்பது என்று நினைவூட்டினார். இவ்விரண்டையும் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வந்து பளிங்குக்கு நன்கொடை எழுதியிருக்கிறோம்.

ஆலயம் வேண்டாம், கோபுரம் வேண்டாம் என்று சொல்வதாக எவரும் நம்மைத் தவறாகக் கொள்ளவேண்டாம். டொர்செல்லோவின் அன்னையின் முன் மண்டியிட நாமும் விரும்புவோம். அந்த ஓவியத்தைக் காத்தவர்களுக்கு நன்றியும் சொல்வோம். காத்தது போதும் என்று ஓய்ந்துவிடுவதை மட்டுமே எதிர்க்கிறோம். இனி விழா மலர் அச்சிடும் குழுவினர் ஒரு பக்கத்தை ஒதுக்கட்டும். கோபுரத்தின் உயரத்தை எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அன்று எத்தனை குடும்பங்கள், இன்று எத்தனை, நம் பிள்ளைகள் இந்த ஊரிலேயே வாழ நாம் என்ன செய்தோம் என்று எழுதட்டும். அந்தப் பக்கம் நிரம்பாவிடில், அடுத்த கட்டடத்துக்கு முன் அதனை நிரப்பும் வழியைத் தேடட்டும்.

டொர்செல்லோ பேராலயத்தின் மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்பை வரைந்தது தற்செயலன்று. திருப்பலி முடிந்து வாயிலை நோக்கித் திரும்பும் ஒவ்வொருவரின் கண்ணிலும் அது படவேண்டும் என்பதே நோக்கம். எடைபோடும் தராசு அங்கே இருக்கிறது. உப்பளத்துக்கும் உலைக்கும் வலைக்கும் திரும்பியவர்கள் அதனைப் பார்த்துக்கொண்டே சென்றனர். பசித்தவனுக்கு உணவளித்தாயா, அந்நியனை ஏற்றாயா என்பவையே அந்நாளின் கேள்விகள் என்று நற்செய்தி சொல்கிறது. என் வீட்டுச் சுவரை எவ்வளவு நன்றாகக் காத்தாய் என்பது அவற்றுள் இல்லை. இன்று அந்தச் சுவருக்கு எதிரே நின்று திரும்புவோர், பெரும்பாலும், படகு பிடிக்க விரையும் பயணிகளே. அவர்களுள் நாமும் இருப்போமாயின், புகைப்படம் எடுத்தபின் ஒரு நிமிடம் நின்று, அந்தத் தராசில் நம் ஊரையும் வைத்துப் பார்ப்போமாக.